பியானோவும் குடை நுனியும்

ஓர் இந்துக் கல்லூரியின் விழா மலரிலே நாதசுரத்தைப் பற்றியோ வீணையைப் பற்றியோ எழுதாது, மேனாட்டார் வாத்தியமாகிய பியானோவைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையோ எனப் பழைய மாணவர் சிலர் புருவம் நெரிப்பர் என்பதை நாம் அறிவோம். அன்னார்க்கு எமது விடை சிறிது. நல்லிசை எந்நாட்டதாயினும் கேட்கும் செவிக்கு உரியது. அன்றியும், எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பியானோ பயில்கின்றனர். அவர்தம் இல்லங்களுக்கு நாம் சென்றால், தேநீர் வருமுன்னே பிள்ளை பியானோவின் முன் அமர்த்தப்படுகின்றது. வாசித்து முடிந்ததும், எத்தனையாந் தரத்திலே எத்தனை புள்ளி பெற்றது என்ற செய்தி எமக்கு அறிவிக்கப்படுகின்றது. "ஒரு பிழையுமில்லை, பார்த்தீர்களா?" என்று பாட்டனார் பெருமிதங் கொள்கின்றார். வாசிக்கப்பட்டது யாருடைய ஆக்கம் என்பதை மட்டும் ஒருவரும் கூறுவதில்லை. இவ்வழக்கம் எம் மனத்தை நெடுநாளாக உறுத்தி வந்தபடியாலேயே இக்கட்டுரை எழுந்தது.

இப்பொருளைப் பேசுதற்கு முன் எதிர்வாதி ஒருவரை அவைக்கு அழைத்தல் முறையாகும். சேர் ஜேம்ஸ் ஜீன்ஸ் என்பார் விண்மீன்களை ஆராய்ந்து புகழெய்திய ஆங்கிலப் பௌதிக அறிஞர். இசையிலும் ஈடுபாடு உடையவர், ஆர்கன் வாசிப்பவர். அவர் 1937ஆம் ஆண்டிலே விஞ்ஞானமும் இசையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பியானோவின் கட்டையொன்றை அழுத்தும்போது எவ்வளவு விசையோடு அழுத்துகின்றோம் என்பது ஒன்றே அதன் ஒலியைத் தீர்மானிக்கின்றது. விசை ஒன்றாயின், அழுத்தியது பெரும் வித்துவானின் விரலாயினும் குடையின் நுனியாயினும் பிறக்கும் ஒலி ஒன்றே என்பது அந்நூலில் அவர் கண்ட முடிபு. பியானோ ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகத் 'தொடுகை' என்று போற்றி வந்த ஒன்றை இம்முடிபு ஒரே அடியில் வீழ்த்திவிட்டது போலத் தோன்றிற்று.

ஜீன்ஸ் கூறியது பொய்யன்று. அதனை உணர்தற்குப் பியானோவின் உள்ளமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தாரின் வாத்தியங்களைப் பேணி வந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் 1700ஆம் ஆண்டளவில் இவ்வாத்தியத்தை ஆக்கினார். அதற்கு முன்னிருந்த கட்டை வாத்தியமாகிய ஹாப்சிக்கோட்டிலே தந்தியை ஒரு சிறு முள் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. கிறிஸ்தோபோரி முள்ளுக்குப் பதிலாகச் சிறு சுத்தியலை வைத்தார். மென்மையும் வன்மையும் கைவசமாயின. 'பியானோ' என்னும் இத்தாலியச் சொல்லுக்கு 'மெல்ல' என்பதே பொருள். அவர் செய்தவற்றுள் மூன்று இன்றும் உள்ளன; அவற்றுள் மூத்தது 1720ஆம் ஆண்டைச் சேர்ந்தது, நியூயோர்க் நகர நூதனசாலையிலே இருக்கின்றது.

சுத்தியலை வைப்பது பெரிதன்று. தந்தியைத் தட்டிய சுத்தியல் அதன்மேலேயே கிடந்தால் ஒலி மடிந்துபோம். ஆகையால், தந்தியை அணுகுமுன்னே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, எறியப்பட்ட கல்லைப்போலத் தானாகச் சென்று தட்டி மீளும்படி அவர் அமைத்தார். இந்த விடுபாடுதான் பியானோவின் உயிர்நிலை. அதன் ஊனமும் அதுவே. சுத்தியல் கையைவிட்டுப் போன பின்னர் வாசிப்போன் செய்யக்கூடியது யாதுமில்லை. வயலின் வித்துவான் தன் வில்லினாலே ஒரு சுரத்தைப் பிறந்த பின்னரும் வளர்க்கலாம், தேய்க்கலாம், அசைக்கலாம். நாதசுரக்காரர் மூச்சினாலே அதனைச் செய்வார். பியானோவில் பிறந்த சுரமோ பிறந்த கணத்திலேயே சாகத் தொடங்குகின்றது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லவும் வழியில்லை. கமகம் என்பது அதன் அகராதியிலேயே இல்லை. நம் சங்கீத உலகம் கட்டை வாத்தியங்களை ஐயுற்றதற்குக் காரணமும் இதுவே. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டிலே விலக்கி, 1971ஆம் ஆண்டு வரை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்ததை முதியோர் மறந்திரார்.

அங்ஙனமாயின், இத்துணை ஏழ்மையான வாத்தியம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் உள்ளத்தைக் கவர்ந்து வருவது எப்படி? ஒரே வீட்டில், ஒரே பியானோவில், ஒரே ஆக்கத்தை இருவர் வாசிக்க, ஒருவருடையது எம்மை நாற்காலியின் விளிம்புக்கு இழுப்பதும் மற்றவருடையது கடிகாரத்தை நோக்கச் செய்வதும் எதனால்?

ஜீன்ஸ் ஒரு சுரத்தைப் பற்றிப் பேசினார்; இசை ஒரு சுரமன்று. இதுவே எமது துணிபு. குடை நுனி ஒரு கட்டையை அழுத்தும். பத்து விரல்கள் ஒரே வேளையில் பத்துக் கட்டைகளைப் பத்து வேறு விசைகளில் அழுத்த, அவற்றுள் ஒன்று மட்டும் பாடுவதுபோல மேலெழுந்து நிற்க, ஏனையவை அதன் நிழலாய் ஒதுங்குவது குடைக்கு ஆகாத காரியம். முந்திய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கின்றது என்பதைச் செவியாலளந்து, அந்தத் தேய்வின் அளவிலேயே அடுத்த சுரத்தைத் தொடங்கினால், இரண்டுக்கும் இடையே இல்லாத இழை ஒன்று இருப்பதாகக் கேட்போன் நம்பிவிடுகின்றான். ஒரு சுரத்தை இமைப்பொழுது தாமதித்தால் அது கனக்கின்றது. காலின் கீழுள்ள மிதியை அரைவாசி விடுத்தால், பழைய ஒலியின் புகை புதிய ஒலியின்மேற் படர்கின்றது. பியானோ வித்துவானின் கலை சுரங்களிலே இல்லை. சுரங்களுக்கு இடையிலே இருக்கின்றது. பாடமாட்டாத பொறியொன்றைப் பாடுவதாக நம்பச் செய்வதே அவன் தொழில். ஷோப்பான் தம் மாணாக்கரைப் பாடகரின் பாட்டைச் சென்று கேட்குமாறு ஏவியதன் கருத்தும் இதுவாம்.

ஷோப்பானை எடுத்துக்கொண்டோமாதலால் அவரிடம் சிறிது தங்குவோம். போலந்து நாட்டிலே 1810ஆம் ஆண்டிற் பிறந்து, பாரிஸ் நகரிலே 1849ஆம் ஆண்டில் மறைந்த இம்மேதை, தம் வாழ்நாள் முழுவதிலும் பொது அரங்குகளில் வாசித்தது ஏறக்குறைய முப்பது தடவையே. பெருங்கூட்டம் அவருக்கு அச்சமூட்டிற்று. அவருடைய வாசிப்பு மிக மென்மையானது. பெருமண்டபத்தின் பின்வரிசைக்கு எட்டாது என்று குறை கூறியோர் உளர். அவர் அவ்வொலியைப் பெருக்க முயலவில்லை. மென்மைக்குள்ளேயே நூறு படிகளை அமைத்தார். அவருடைய நண்பராகிய பிரான்ஸ் லிஸ்ற் என்பாரோ இதற்கு நேர்மாறானவர். பகனீனியின் வயலினை 1832ஆம் ஆண்டிற் கேட்டு, அவர் வயலினிற் செய்ததைத் தாம் பியானோவிற் செய்வதென உறுதி பூண்டு, நாள்தோறும் பலமணி நேரம் உழைத்தவர். பிற பாடகரும் வாத்தியக்காரரும் இன்றி ஒருவரே மாலை முழுவதும் வாசிக்கும் கச்சேரி முறையை நிலைநாட்டியவரும் அவரே. 'ரிசைற்றல்' என்னும் பெயரை அதற்கு 1840ஆம் ஆண்டிலே லண்டனில் வழங்கினார். ஐரோப்பா எங்கணும் மக்கள் அவர் பின்னே பித்துக்கொண்டு திரிந்தனர். அந்நிலையில், முப்பத்தைந்தே வயதில், 1847ஆம் ஆண்டிலே, அவர் கூலிக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டார். பின்னர் வந்த மாணாக்கரிடம் அவர் கற்பித்ததற்குப் பணம் பெறவில்லை. இருவருள் யார் பெரியர் என்று வாதிடுவோர் வாதிடுக. எமக்கு வேண்டியது வேறு: இருவரிலும் பிழையின்மையைப் பாராட்டிய சான்று எங்கும் காணோம். கேட்டோர் பேசியதெல்லாம் தமக்கு நேர்ந்ததைப் பற்றியே.

பிழைகளைப் பற்றியே சிறிது பேசுவோம்; இவ்விடயம் வளமானது. உருசியராகிய அன்ரன் றூபின்ஸ்ரைன், சென். பீற்றேர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியை 1862ஆம் ஆண்டில் நிறுவியவர். 1872–73ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலே 215 கச்சேரிகள் செய்தவர். அவர் விரல்கள் தவறான கட்டைகளில் விழுந்தது ஊரறிந்த செய்தி. பிரெஞ்சுக்காரராகிய அல்பிரட் கோர்ற்றோவின் இசைத்தட்டுக்களைக் கேட்போர் இன்றும் அவற்றில் வழுக்களை எண்ணலாம். எண்ணி முடித்தபின் தட்டை மீண்டும் சுழலவிடாதார் யாரையும் நாம் கண்டதில்லை. ஆர்தர் ஷ்னாபல் நெடுங்காலம் இசைத்தட்டை வெறுத்தவர். ஒருமுறை நிகழ்வது பலமுறை ஒரே விதமாகத் திரும்புவது அவர் மனத்திற்கு ஒவ்வாததாயிருந்தது. முடிவில் 1932 தொடங்கி 1935 வரை லண்டனிலே பீதோவனுடைய 32 சொனாற்றாக்களையும் தட்டிற் பதித்தார். அனைத்தையும் பதித்தோருள் முதல்வர் அவரே. அவற்றுள் மிகக் கடினமான ஹாமர்கிளாவியரின் முதற் பகுதியை, பீதோவன் குறித்துவைத்த அஞ்சத்தக்க வேகத்தில் அவர் வாசித்தார். சுரங்கள் ஒன்றன்மேலொன்று இடறி விழுகின்றன. அத்தட்டுக்கள் பதியப்பட்டுத் தொண்ணூறு ஆண்டுகளாகின்றன. அவற்றைவிடத் துப்புரவான பதிவுகள் எத்தனையோ வந்துவிட்டன. எனினும் ஷ்னாபலின் பதிவு கடைகளிலிருந்து மறையவில்லை.

எமது இளமையிலே இசை நாட்டமுடைய ஆசிரியர் ஒருவரின் இல்லத்துக் கிராமபோனில் நாம் முதன்முதலாகப் பியானோவைக் கேட்டோம். தட்டிலே கீறல் விழுந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்னும் ஓசை வரும். அது பியானோவின் இயல்பான தாளமாக்கும் என்று நாம் பல நாள் எண்ணியிருந்தோம். பின்னாளில் கீறலில்லாத தட்டைக் கேட்டபோது எமக்கு ஏதோ குறைந்துவிட்டதுபோல இருந்தது.

ஒலிநாடா வந்தபின் நிலைமை மாறிற்று. நாடாவை வெட்டலாம், ஒட்டலாம். பத்துத் தடவை வாசித்தவற்றிலிருந்து நல்ல துண்டுகளைத் தெரிந்து, எவரும் ஒருபோதும் வாசித்திராத வழுவற்ற வாசிப்பு ஒன்றை அமைக்கலாம். இதனை வெட்கமின்றி, இல்லை, பெருமையோடு ஆதரித்தவர் கனடா நாட்டவராகிய கிளென் கூல்ட். ரொறன்ரோவில் 1932ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பாக் எழுதிய கோல்ட்பேர்க் மாறுபாடுகளை 1955ஆம் ஆண்டிலே பதிவுசெய்து ஒரேயடியாகப் புகழ் பெற்றார். 1964ஆம் ஆண்டிலே கச்சேரி மேடையைத் துறந்தார். கச்சேரி அழியப்போகும் வழக்கம், ஒலிப்பதிவறையே இசையின் எதிர்கால இல்லம் என்பது அவர் கொள்கை. தந்தையார் ஆக்கிக் கொடுத்த குட்டை நாற்காலியில், நிலத்தோடு ஒட்டியவர்போல இருந்து, தாமும் முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வாசிப்பார். அவர் வாசித்த பாக்கின் ஆக்கம் ஒன்று, 1977ஆம் ஆண்டில் விண்ணுக்கு ஏவப்பட்ட வொயேஜர் கலங்களின் பொற்றட்டிலே பதியப்பட்டுச் சூரிய மண்டலத்திற்கு அப்பாற் செல்கின்றது.

கூல்டை நாம் மிக மதிக்கின்றோம். அவர் கொள்கையை ஏற்கமாட்டோம். அவரே அதற்குத் தக்க மறுப்பு. வெட்டியும் ஒட்டியும் அமைத்த பதிவுகளிலே எம்மைப் பிடித்து நிறுத்துவது அவருடைய முணுமுணுப்பேயன்றோ? ஒலிப்பதிவாளர் அகற்ற விரும்பியும் அகலாத அந்தக் குரல், இங்கே ஒரு மனிதன் இருக்கின்றான் என்று எமக்கு அறிவிக்கின்றது. 2006ஆம் ஆண்டில் ரொறன்ரோவிலே, அவர் பெயரால் அமைந்த மண்டபத்தில் விநோதமான கச்சேரி ஒன்று நிகழ்ந்தது. அவருடைய 1955ஆம் ஆண்டுப் பதிவைக் கணினியாலே அளந்து, ஒவ்வொரு சுரத்தின் விசையையும் நேரத்தையும் கணித்து, தானே இயங்கும் யமஹா பியானோ ஒன்றினால் வாசிப்பித்தனர். கட்டைகள் தாமாகவே தாழ்ந்தெழுந்தன. முன்னே வாசிப்போர் இல்லை. ஜீன்ஸின் குடை நுனி கடைசியில் பத்து விரலும் பெற்றுவிட்டது எனலாம். மேலே நாம் குடைக்கு ஆகாது என்ற காரியமும் ஒருவாறு ஆகிவிட்டது. அதை ஒளிக்க விரும்புகிலோம். ஆயின், அப்பொறி வாசித்தது பொறியின் கோல்ட்பேர்க் அன்று, கூல்டின் கோல்ட்பேர்க். முன்னொரு நாள் ஒரு வாலிபன் தன் பொறுப்பில் எடுத்த ஆயிரமாயிரம் முடிவுகளை அது திருப்பிக் கூறிற்று. தானாக அது ஒரு முடிவும் எடுக்கவில்லை. தவறும் இடமே அதற்கு இல்லை. தவறமாட்டாதவனைக் கண்டு யாருக்கு நெஞ்சு படபடக்கும்?

நெஞ்சு படபடத்த மாலை ஒன்று உண்டு. விளாடிமிர் ஹொரோவிற்ஸ் 1953ஆம் ஆண்டிலே மேடையை விட்டு விலகி, பன்னிரண்டு ஆண்டுகள் மக்கள்முன் வாசியாதிருந்தார். உடல் நலிவும் உள்ள நடுக்கமும் அவரை வீட்டிலே அடைத்து வைத்தன. 1965ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி நியூயோர்க் காணகி மண்டபத்திலே அவர் மீண்டும் தோன்றினார். நுழைவுச்சீட்டுக்காக மக்கள் இராமுழுவதும் தெருவிலே வரிசையில் நின்றனர். புசோனி பியானோவுக்கு அமைத்த பாக்கின் ஆக்கத்தோடு தொடங்கினார். தொடக்கத்திலேயே விரல்கள் பிழையான கட்டைகளிற் சிதறின. உலகின் முதல் வித்துவான் எனப்பட்டவர், பன்னீராண்டு காத்திருந்த சபைமுன், முதல் அடியிலேயே வழுக்கினார். மண்டபத்திலே மூச்சுக்கூடக் கேட்டிராது என எண்ணுகின்றோம். அவர் நிறுத்தவில்லை. அம்மாலை இருபதாம் நூற்றாண்டின் பெருங் கச்சேரிகளுள் ஒன்றாயிற்று.

அக்கச்சேரியின் இசைத்தட்டு வெளிவந்தபோது வழுக்களிற் சில திருத்தப்பட்டிருந்தன. 2003ஆம் ஆண்டிலே, திருத்தாத பதிவு வெளியிடப்பட்டது. நாம் இரண்டையும் கேட்டிருக்கின்றோம். திருத்தியது அழகியது. திருத்தாததிலேயே ஹொரோவிற்ஸ் இருக்கின்றார். அந்தச் சிதறலைக் கேட்டபின்னரே அதனைத் தொடர்ந்து வருவது எத்துணைத் துணிவின் விளைவு என்று புலனாகின்றது.

சில அன்பர்கள் இடைமறித்து, பயிற்சியைப் பழிக்கின்றீரா என்பர். இல்லை. ஆர்தர் றூபின்ஸ்ரைன், முன்னர்க் கூறிய றூபின்ஸ்ரைனுக்கு உறவினரல்லர், தம் இளமையிலே கட்டைகளைத் தவறவிட்டும் கவர்ச்சியினாலே காலந் தள்ளியதைத் தாமே ஒப்புக்கொண்டவர். மணஞ்செய்து தந்தையான பின்னர், 1930களிலே, மேடையை விட்டு ஒதுங்கி மாணாக்கன்போலப் பயின்றார். பின்னர் 1976 வரை, எண்பத்தொன்பது வயது வரை வாசித்தார். பயிலாதவனுடைய பிழை சோம்பல். பயின்றவன் எட்டாததை எட்ட முயலும்போது நேரும் பிழை வேறு சாதி. பரீட்சைத்தாள் இவ்விரண்டுக்கும் ஒரே புள்ளியைக் கழிக்கின்றது. எமது வழக்கெல்லாம் அதனோடுதான்.

போட்டிகளின் கதையும் அவ்வாறே. வார்சோ நகரிலே 1927ஆம் ஆண்டு தொடங்கிய ஷோப்பான் போட்டி உலகறிந்தது. 1980ஆம் ஆண்டிலே இவோ பொகொறெலிச் என்னும் யூகோஸ்லாவிய வாலிபர் இறுதிச் சுற்றுக்கு முன்னரே விலக்கப்பட்டார். 1965ஆம் ஆண்டில் அதே போட்டியில் முதற்பரிசு பெற்றவரும் அப்போது நடுவர்களுள் ஒருவருமாகிய மார்த்தா ஆர்கெறிச் அம்மையார், அவ்வாலிபர் மேதை எனக்கூறி நடுவர் பதவியைத் துறந்து வெளியேறினார். புள்ளி வென்றது, இசை தோற்றது என முடிவுசெய்ய எமக்கும் ஆசைதான். ஆயின் அவ்வாண்டு முதற்பரிசு பெற்றவர் யார்? வியற்நாமியராகிய டாங் தாய் சொன். அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர். போர்க்காலத்திலே ஹனோய் இசைக் கல்லூரி குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரை விட்டுக் கிராமப்புறத்திற்கு இடம்பெயர, அங்கே தாயாரிடம் கற்ற பிள்ளை. இடம்பெயர்ந்த கல்லூரி என்றால் என்னவென்று எம்மனோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அவர் வாசிப்பைக் கேட்டோர் நடுவரைப் பழிக்கத் துணியார். ஆகவே புள்ளியும் சில வேளைகளில் கண் திறக்கின்றது என்று ஒப்புகின்றோம், மனமில்லாமல்தான்.

பியானோவின் ஏழ்மையைப் பற்றிப் பேசினோம். ஏழ்மையிலும் ஏழ்மையான பியானோ ஒன்று 1975ஆம் ஆண்டு தைமாதம் 24ஆந் திகதி ஜேர்மனியின் கொலோன் நகர இசைநாடக மண்டபத்திலே கிடந்தது. அன்றிரவு அங்கே வாசிக்க வந்தவர் கீத் ஜரெற் என்னும் அமெரிக்க ஜாஸ் வித்துவான். முன்கூட்டி எழுதியது யாதுமின்றி, மேடையில் அமர்ந்தபின் மனத்தில் எழுவதை வாசிப்பவர். நம்மவர் ஆலாபனையோடு ஒருவாறு ஒப்பிடலாம். கேட்டிருந்த பியானோவுக்குப் பதிலாகப் பழுதுபட்ட சிறியதொன்று மேடைக்கு வந்திருந்தது. மேற்கட்டைகள் கீச்சிட்டன, கீழ்க்கட்டைகளுக்கு வலிவில்லை, மிதிகள் ஒழுங்காக இயங்கவில்லை. அவர் வாசிக்க மறுத்துப் பின் இசைந்தார். நடுக்கட்டைகளையே பெரிதும் நம்பி, இடக்கையால் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடித்து வலிவின்மையை ஈடுசெய்தார். அந்த இரவின் பதிவே தனிப் பியானோ இசைத்தட்டுக்களுள் மிகுதியாக விற்பனையாயிற்று. நல்ல பியானோ கிடைத்திருந்தால் நல்ல கச்சேரி நிகழ்ந்திருக்கும், இது நிகழ்ந்திராது.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியச்சாலையின் படங்கள் குண்டுக்குப் பயந்து அகற்றப்பட, வெறுஞ்சுவர்களுக்கு இடையே மைரா ஹெஸ் அம்மையார் மதியவேளைக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1939 ஒக்டோபர் முதல் 1946 ஏப்பிரல் வரை 1,698 கச்சேரிகள். நுழைவுக் கட்டணம் ஒரு சிலிங். ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசிய நாட்களிலும் அங்கே பீதோவனும் பாக்கும் ஷூமனும் வாசிக்கப்பட்டனர். மதிய உணவு நேரத்தில் வந்த எழுதுவினைஞரும் போர்வீரரும் பிழை எண்ண வந்தவரல்லர். ருமேனியராகிய டினு லிபாற்றி 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி பெசன்சோன் நகரிலே தம் கடைசிக் கச்சேரியை நடத்தியபோது அவருக்கு வயது முப்பத்துமூன்று, தீராநோய் முற்றியிருந்தது. ஷோப்பானின் பதினான்கு வால்ற்ஸ்களையும் வாசிக்க எண்ணினார். பதின்மூன்றோடு வலிமை அற்றுப்போயிற்று. பதினான்காவதை விடுத்து, ஹெஸ் அம்மையார் பியானோவுக்கு அமைத்திருந்த பாக்கின் சிறு ஆக்கம் ஒன்றை வாசித்து எழுந்தார். டிசெம்பரில் மறைந்தார். அத்தட்டிலே வால்ற்ஸ் பதின்மூன்றுதான். ஒன்று குறைகின்றதே என்று அதனை யாரும் கடைக்குத் திருப்பியனுப்பவில்லை.

மீண்டும் ஹொரோவிற்ஸிடம் வருவோம். 1925ஆம் ஆண்டிலே உருசியாவை விட்டு நீங்கியவர், அறுபத்தோராண்டு கழிந்து, 1986 ஏப்பிரல் 20ஆந் திகதி மொஸ்கோ இசைக் கல்லூரியின் பெருமண்டபத்திலே வாசித்தார். வயது எண்பத்திரண்டு. தம் பியானோவையும் அமெரிக்காவிலிருந்து உடன் கொணர்ந்தார். வன்மையான ஆக்கங்களும் அன்று இடம்பெற்றன. ஆயினும் அன்றைய ஒளிப்படத்தைக் கண்டோர் மறவாதது வேறு. ஷூமன் 1838ஆம் ஆண்டிலே எழுதிய குழந்தைப் பருவக் காட்சிகள் பதின்மூன்றனுள் ஏழாவதாகிய கனவு என்னும் சிற்றாக்கத்தை அவர் வாசித்தார். மூன்று நிமிடத்துக்குள் அடங்குவது. ஓரளவு பயின்ற சிறுவர் எவரும் அதன் சுரங்களை வாசித்துவிடுவர். சபையிலே முதிய ஆடவர் ஒருவர் அசையாதிருக்க, அவர் கன்னத்திலே கண்ணீர் இறங்குகின்றது. துடைக்கவும் அவர் கையெடுக்கவில்லை.

இந்தக் கனவை நாம் மற்றோரிடத்திலும் கேட்டோம். லண்டனிலே எம் வகுப்புத்தோழர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, அவர் பேரன் பரீட்சைக்குரியவற்றை வழக்கப்படி வழுவின்றி வாசித்து எழுந்தான். "தம்பி, உனக்கு விருப்பமானது ஒன்று வாசியேன்" என்றோம். சிறிது நேரம் பாட்டனாரைப் பார்த்தான். பின்னர் புத்தகத்தை மூடிவைத்து, கனவைத் தொடங்கினான். இரண்டாம் வரியிலே இடறினான், நின்றான், திரும்பிச்சென்று அவ்விடத்தை முன்னிலும் மெல்ல வாசித்தான். மேலே ஏறும் அந்தச் சுரத்திலே அவன் கை தயங்கிய தயக்கத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. "அது பரீட்சைக்கு இல்லை, ஐயா" என்று அடுக்களையிலிருந்து தாயார் மன்னிப்புக் கேட்பவர்போலக் கூறினார். இது நிகழ்ந்து ஒன்பதாண்டுகள் ஆகின்றன.

அவன் எட்டாந் தரத்திலே அதிவிசேட சித்தி எய்தினான் என்று பின்னர் மடல் வந்தது. சென்ற வருடம் நாம் அவ்வில்லத்திற்கு மீண்டும் சென்றோம். பியானோ அதே மூலையில் இருந்தது. அதன் மூடியின்மேல் விரித்திருந்த பின்னல் துணியிலே அவனுடைய பட்டமளிப்பு விழாப் படம் நின்றது. வாசிப்பதுண்டா என வினவினோம். சித்தியெய்திய பிறகு அதைத் திறக்கவில்லை என்றார் நண்பர். சுருதி கூட்டவும் ஆளை அழைப்பதில்லையாம்.